விட்டுவிட்டு வரும் நெட் கோளாறு: அலுவலக வலையமைப்பில் டிஎச்சிபி, டிஎன்எஸ்

அலுவலகத்தில் இணையம் அடியோடு நின்றுபோனால் காரணம் சீக்கிரம் பிடிபட்டுவிடும். கேபிள் அறுந்திருக்கும், இல்லையென்றால் ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். போய்ப் போய் வந்து, ஆள் வந்து பார்க்கும்போது மட்டும் ஒழுங்காக ஓடும் கோளாறுதான் உயிரை வாங்கும். இத்தகைய புகார்களில் முதலில் சந்தேகிக்க வேண்டிய சேவைகள் இரண்டு. ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒதுக்கித் தருவது டிஎச்சிபி. இணையப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ். பால் மொக்கபெட்ரிஸ் 1983-இல் வடிவமைத்தது டிஎன்எஸ். டிஎச்சிபியின் முதல் வரையறை 1993-இல் வந்தது. இன்றும் புழங்கும் வடிவம் 1997-இல் ரால்ஃப் டிராம்ஸ் எழுதியது.

சென்னையில் இந்தக் கோளாறுக்குத் தோதான பேட்டை திருவல்லிக்கேணி. பெரிய தெருவிலும் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையிலும் வீடாகக் கட்டியதை அலுவலகமாக்கிக்கொண்ட கட்டடங்கள் ஏராளம். சுவர் தடிமனாக இருப்பதால் முன்கூடத்து வைஃபை பின்கட்டுக்கு எட்டாது. கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவோ நடந்து போகும் தூரம். யாராவது ஒருவர் ஒரு சின்ன ரூட்டரை வாங்கி வந்து, கையில் கிடைத்த லான் கேபிளை அதன் மஞ்சள் துளை ஒன்றில் செருகிவிடுவார். பின்கட்டுக்கு வைஃபை கிடைத்துவிடும். அன்றிலிருந்து அந்த அலுவலகத்தில் டிஎச்சிபி சர்வர்கள் இரண்டு.

கணினி ஒன்று விழித்ததும் ‘யாராவது முகவரி கொடுங்கள்’ என்று வலையமைப்பு முழுவதற்கும் கூவுகிறது. முதலில் வரும் பதிலையே பெரும்பாலும் ஏற்கிறது. பழைய ரூட்டர் முந்தினால் நெட் வரும். புதியது முந்தினால், வெளியே போக வழியில்லாத ஒரு முகவரி ஒட்டிக்கொள்ளும். யார் முந்துவார் என்பது அந்தந்த நொடியைப் பொறுத்தது என்பதால்தான் ஒரே வரிசையில் ஒருவருக்கு வேலை செய்து பக்கத்து மேசைக்காரருக்குச் செய்வதில்லை. கண்டுபிடிப்பது எளிது. பாதிக்கப்பட்ட விண்டோஸ் கணினியில் ‘ஐபிகான்ஃபிக் /ஆல்’ கட்டளை கொடுத்து, ‘டிஎச்சிபி சர்வர்’ என்ற வரியை நல்ல கணினியின் அதே வரியோடு ஒப்பிட வேண்டும். ஒன்றில் 192.168.1.1, மற்றதில் 192.168.0.1 என்றிருந்தால் திருடன் அகப்பட்டுவிட்டான். புதிய ரூட்டரில் டிஎச்சிபியை அணைத்து, வெறும் அக்சஸ் பாயிண்டாக வைத்தால் போதும். மேனேஜ்டு ஸ்விட்ச் உள்ள இடங்களில் ‘டிஎச்சிபி ஸ்நூப்பிங்’ வசதியைப் போட்டுவிட்டால், அனுமதியில்லாத துளையிலிருந்து வரும் பதில்களை ஸ்விட்சே தடுத்துவிடும்.

நேரத்தைக் குறித்துவைப்பது பாதி வேலையை முடித்துவிடும். டிஎச்சிபி ஒதுக்கீட்டுக் காலத்துக்கு லீஸ் என்று பெயர். அதில் பாதி கழிந்ததும் கணினி, முகவரி கொடுத்த சர்வரிடம் நேரடியாகப் புதுப்பிக்கக் கேட்கும். பதில் இல்லையென்றால், 87.5 விழுக்காடு கழிந்ததும் மறுபடி எல்லோரையும் பார்த்துக் கூவும். லீஸ் இரண்டு மணி நேரம் என்றால் இவை ஒரு மணியிலும் ஒன்றே முக்கால் மணியிலும் நிகழும். விண்டோஸ் சர்வரில் இயல்பான லீஸ் எட்டு நாள்; அங்கே நான்காம் நாளும் ஏழாம் நாளும் கவனிக்க வேண்டியவை. ‘எப்போதாவது வருகிறது’ என்ற புகார், நேரம் எழுதிய தாளைப் பார்த்ததும் கணக்கோடு வருவதாகத் தெரிந்துவிடுவது உண்டு.

இந்தப் பேட்டைக்கே உரிய மேன்ஷன்களில் கோளாறு வேறு விதம். வீட்டு ரூட்டர்கள் பலவற்றில் ஒதுக்க இருப்பது 100 முதல் 199 வரையிலான முகவரிகள் மட்டுமே. அறைக்கு மூன்று பேர், ஆளுக்கு ஒரு ஃபோன், ஒரு லேப்டாப் என்றால் மாலை ஏழு மணிக்குள் அந்த முகவரித் தொகுப்பு, அதாவது பூல், காலி. கடைசியாக வந்தவரின் விண்டோஸ் லேப்டாப் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே போட்டுக்கொள்ளும். அதைப் பார்த்தாலே டிஎச்சிபி பதில் தரவில்லை என்று பொருள். 2019-இன் ஆண்ட்ராய்டு 10, 2020-இன் ஐஓஎஸ் 14 முதல் ஃபோன்கள் வைஃபைக்கு நிஜ வன்பொருள் முகவரிக்குப் பதில் புனைந்த ஒன்றைக் காட்டுகின்றன. அது மாறிய ஃபோனை ரூட்டர் புது ஆளாகவே எண்ணும். பழைய ஒதுக்கீடு லீஸ் முடியும்வரை சும்மா கிடக்கும். வந்துபோவோர் மிகுந்த இடத்தில் லீஸைக் குறைத்து, பூலை அகலமாக்குவதே வழி.

மின்தடையும் இதில் உண்டு. கணினிகள் யுபிஎஸ்ஸில் இருக்கும். ரூட்டரை மட்டும் சாதாரணப் பிளக்கில் விட்டிருப்பார்கள். ஒரு நொடி கரண்ட் போய் வந்தால் மலிவான ரூட்டர்கள் பல தம் லீஸ் பட்டியலை மறந்துவிடும். வருகைப் பதிவேட்டைத் தொலைத்த மேன்ஷன் மேனேஜர், ஆள் தூங்கும் அறைக்கே புதியவரிடம் சாவி கொடுப்பதுபோல, ஒருவர் வைத்திருக்கும் முகவரியை இன்னொரு கருவிக்கும் ரூட்டர் கொடுக்கும். பிறகு இரண்டுமே தடுமாறும். ரூட்டரையும் ஸ்விட்சையும் யுபிஎஸ்ஸில் சேர்ப்பதும், பிரிண்டர் போன்றவற்றுக்கு நிலையான முகவரியைப் பூலுக்கு வெளியே வைப்பதும் இதற்குப் பரிகாரம்.

முகவரி சரியாக இருந்தும் பெயர் மட்டும் கிடைக்காவிட்டால் அது டிஎன்எஸ் பக்கம். 8.8.8.8-க்குப் பிங் போகிறது, இணையதளம் திறக்கவில்லை என்பது இதன் அடையாளம். சொந்த டொமைன் சர்வர் உள்ள அலுவலகங்களில் அடிக்கடி செய்யப்படும் தவறு, ‘பாதுகாப்புக்கு இருக்கட்டும்’ என்று இரண்டாவது டிஎன்எஸ்ஸாகக் கூகுளின் 8.8.8.8-ஐப் போடுவது. உள் சர்வர் ஒரு நொடி தாமதித்தால் விண்டோஸ் அடுத்ததைக் கேட்கும். கூகுளுக்கு அலுவலகத்தின் உட்பெயர் தெரியாது. ‘அப்படி ஒரு பெயரே இல்லை’ என்று சொல்லிவிடும். அதுவும் முறையான பதில்தான் என்பதால் கணினி அதை நினைவில் வைத்துக்கொள்கிறது. ஷேர் ஃபோல்டர் சிறிது நேரம் காணாமல் போய்த் தானே திரும்புவது இதனால்தான். சோதிப்பவரும் ஏமாறுவார்: என்எஸ்லுக்கப் கருவி கணினியின் அந்த நினைவைப் பார்க்காமல் சர்வரையே நேராகக் கேட்பதால், அதில் சரியான விடை வரும், பிரவுசரில் வராது. ஃபைபர் பெட்டி ஐபி பதிப்பு 6 வழியாகத் தன் டிஎன்எஸ்ஸைத் தனியே அறிவிப்பதும் இதே குழப்பத்தை உண்டாக்கும்.

கோளாறு வெளியில் இருப்பது அரிது. இருந்தால் பெரிதாக இருக்கும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கின் டிஎன்எஸ் சர்வர்களுக்குப் போகும் வழிகள் இணையத்திலிருந்து மறைந்ததால் வாட்ஸ்அப் உட்பட அதன் சேவைகள் ஆறு மணி நேரம் அளவுக்கு முடங்கின. டிஎன்எஸ்ஸின் உச்சியில் உள்ள உலகின் 13 ரூட் சர்வர் பெயர்களில் ஒன்றான ‘எஃப்’-இன் நகல் ஒன்று, இந்திய இணையப் பரிமாற்ற அமைப்பான நிக்ஸியின் முயற்சியால் 2005-இலேயே சென்னைக்கு வந்துவிட்டது. பெரிய தெரு அலுவலகத்தின் ஷேர் ஃபோல்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நெட் போனதும் ரூட்டரை அணைத்துப் போடுவது வழக்கம். அப்படிச் செய்தால் லீஸ் பட்டியலும் பதிவுகளும் அழிந்து தடயம் போய்விடும். அதற்கு முன் ‘ஐபிகான்ஃபிக் /ஆல்’ திரையை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளலாம். முடிந்தால் வயர்ஷார்க் மென்பொருளில் 67, 68, 53 எண் போர்ட்டுகளின் போக்குவரத்தைப் பதிந்துவைக்கலாம். காலையில் கணினி போட்ட முதல் அரை நிமிடம் மட்டும் முகவரி கிடைக்காமல் இருந்தால் ரூட்டரைத் தொடவே வேண்டாம்: சுழல் இணைப்பைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ ஓடும் ஸ்விட்ச், ஒவ்வொரு துளையையும் திறக்குமுன் 30 நொடி காத்திருக்கும். கணினிகள் சேரும் துளைகளில் ‘போர்ட்ஃபாஸ்ட்’ அமைப்பைப் போட்டால் அந்தக் காத்திருப்பு நீங்கும்.