மீன் துண்டும் முறுக்கும்

பள்ளிபாளையத்தில் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர்களுக்கு நக்கலும் சத்தமாகத்தான் வரும். எங்க அப்பிச்சி அதில் மன்னர். ஆத்துப் பாலம் தாண்டி ஈரோட்டுக் கொட்டகையில் ‘ரத்தக்கண்ணீர்’ எத்தனை தடவை பார்த்தார் என்று அவருக்கே கணக்கு கிடையாது. கடன் கேட்டு வந்தவனிடமும் எம்.ஆர். ராதா குரலில்தான் பேசுவார். ஒன்பது வயதில் அப்பாவைப் பறிகொடுத்தவர். அந்த நாளைப் பற்றிக் கேட்டால், “பந்தல்ல எனக்கு ரெண்டு முறுக்கு கெடச்சுதுடா” என்பார், அதே குரலில். நாங்கள் சிரிப்போம்.

ராதாவின் கதையைப் படித்தபோது இந்த முறுக்குதான் ஞாபகம் வந்தது. 1907-ல் சென்னையில் பிறந்தவர் ராதா. அப்பா ராஜகோபால் ராணுவத்தில் இருந்தார், முதல் உலகப் போருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. ஆனால் தான் வீட்டை விட்டு ஓடியதற்கு ராதா சொன்ன காரணம் வேறு: சாப்பாட்டில் இன்னொரு துண்டு மீன் கேட்டார், அம்மா தரவில்லை. அவ்வளவுதான். கேட்கிறவன் சிரித்துவிடுவான். அப்பா இல்லாத வீட்டில் மீன் துண்டுகள் எண்ணித்தான் விழும் என்பது அப்புறம்தான் உறைக்கும்.

ஓடியவர் சேர்ந்த இடம் பாய்ஸ் கம்பெனி. அன்றைய நாடக உலகமே பையன்களால் ஓடியது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தொடங்கிய பால சபையில் டி.கே. சண்முகம் சேர்ந்தபோது வயது ஆறு. சோறு போடுவார்கள், பாட்டும் வசனமும் சொல்லித் தருவார்கள், அடிப்பார்கள். வீட்டை நினைத்து அழுகிற பையன் ராத்திரி மேடையில் ராஜாவாக வேண்டும், அல்லது கோமாளியாக. இதை ‘கலைக்கூடம்’ என்று மட்டும் எழுதுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. பாதி அது அநாதை இல்லம்.

லண்டனிலும் இதே கதைதான். சார்லி சாப்ளின் ஏழு வயதில் ஏழைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அம்மா மனநோய் விடுதிக்கும் வீட்டுக்கும் அலைந்தார். குடிகார அப்பா 1901-ல் செத்தார். இடையில் சாப்ளினும் ஒரு பையன்கள் குழுவில் சேர்ந்து மேடையில் ஆடினார். 1964-ல் வெளிவந்த சுயசரிதையில் ஒரு ஆட்டைப் பற்றிச் சொல்கிறார். கசாப்புக் கொட்டகைக்கு ஓட்டிப்போன ஆடு ஒன்று தப்பித்துத் தெருவில் ஓடுகிறது, துரத்துகிறவர்கள் விழுந்து எழுகிறார்கள், சாப்ளினும் சிரிக்கிறார். ஆட்டைப் பிடித்துக் கொண்டுபோன பிறகுதான் அதைக் கொல்லப்போகிறார்கள் என்று புரிந்து, அம்மாவிடம் அழுதுகொண்டே ஓடுகிறார்.

ராதா ஆட்டைத் துரத்துகிறவர்களின் பக்கம் நிற்கவில்லை. திருவாரூர் கே. தங்கராசு எழுதிய ‘ரத்தக்கண்ணீர்’ நாடகமாக ஊர் ஊராகப் போய், 1954-ல் படமானது. பெற்ற அம்மாவை உதைக்கிற மகன், தொழுநோய் வந்து பார்வையும் போய்ப் பிச்சை எடுக்கும்போது தன்னையே கிண்டல் செய்கிறான். அந்தச் சிரிப்பில் இரக்கத்துக்கு இடமே கொடுக்க மாட்டார். ‘ஐயோ பாவம்’ என்று நாம் வாயெடுப்பதற்குள் அடுத்த நக்கல் விழும். மீன் கதையிலும் அதே வேலைதான் நடக்கிறது. சர்க்காருக்கும் இந்த வாயைக் கண்டு பயம். அதே 1954-ல் வந்த நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் அவரை மனதில் வைத்தே வந்தது என்பார்கள். உயர் நீதிமன்றம் அதை ரத்துசெய்ய 2013 ஆயிற்று.

சிரிப்பு துக்கத்தை ஆற்றுமா? எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. துக்கத்தைப் பத்திரமாக மூடி வைக்கும், அடுத்த வேளை சோற்றைத் தேட விடும். பத்து வயதுப் பையனுக்கு அதுவே பெரிசு.

ஒருதடவை அப்பிச்சியிடம் கேட்டேன்: “அன்னைக்கு உங்கம்மா ஏதாச்சும் சாப்பிட்டாங்களா?”

ராதா குரல் வரவில்லை. கொஞ்ச நேரம் தறியையே பார்த்தார். “ஒரு முறுக்க அவளுக்குத்தான்டா எடுத்து வெச்சேன்” என்றார். “வாங்கல.”