தோலோடு உரிந்த தசை: குற்றாலக் குரங்கும் பிளாட்டிஸ்மாவின் வரலாறும்

குற்றாலத்தில் நாட்டுக்குரங்கு ஒன்று கடலையைப் பறித்தால் அங்கேயே தின்பதில்லை. கிடைத்ததையெல்லாம் கடவாயில் அதக்குகிறது. கன்னத்துக்குக் கீழே கழுத்துப் பக்கமாக இரண்டு பைகள் புடைக்கின்றன. பிறகு மரமேறி ஒதுங்கி, புறங்கையால் பையை அழுத்தி, உள்ளிருப்பதை வாய்க்குத் தள்ளிச் சாவகாசமாக மெல்கிறது. அதே மலையில் வாழும் கருமந்திக்குக் கன்னப்பை கிடையாது. இலை தின்னும் அதற்கு இரைப்பையே அறை அறையாகப் பிரிந்திருக்கிறது.

நாட்டுக்குரங்கின் கன்னப்பையின்மேல், தோலுக்கு நேர் அடியில் விரிந்து கிடப்பது பிளாட்டிஸ்மா. கிரேக்கத்தில் தட்டையான தகடு என்று பொருள். மனிதரிடம் அது மேல்மார்பையும் தோளையும் மூடிய சவ்வில் தொடங்கி, காறை எலும்பைத் தாண்டிக் கழுத்தின் இருபுறமும் ஏறி, கீழ்த்தாடையின் விளிம்பிலும் வாயோரத் தோலிலும் முடிகிறது. முகநரம்பின் கழுத்துக் கிளை அதை இயக்குகிறது. வாயோரத்தைக் கீழே இழுப்பதும் கழுத்துத் தோலை விறைக்கச் செய்வதும் அதன் வேலை. தாடையைத் திறப்பதில் அதன் பங்கு சொற்பம். ஈ உட்கார்ந்ததும் மாடு தோலைச் சிலிர்க்குமே, அந்தத் தோல்தசை வகையில் நமக்கு எஞ்சியவற்றுள் இதுவும் ஒன்று.

இதைத் தனித் தசையாக எழுதிவைத்தவர் 2ஆம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த மருத்துவர் காலன். தமக்கு முந்தைய உடற்கூற்றாளர்கள் தோலை உரிக்கும்போது தசையையும் சேர்த்தே உரித்துவிட்டதால் அதைக் காணத் தவறினர் என்பது அவர் வாதம். மனித உடலை அறுக்க வழியில்லாத காலம். அவர் பெரிதும் நம்பியது குரங்குகளை. அவை வட ஆப்பிரிக்காவின் பார்பரிக் குரங்குகள் என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த இனமும் குற்றாலத்து இனமும் மக்காக்கா என்ற ஒரே பேரினம். இரண்டுக்கும் கன்னப்பை உண்டு. உணவை அதக்கும் கழுத்தில்தான் இந்தத் தசை முதலில் தெளிவாகக் கண்ணில் பட்டது என்று கொள்ள எனக்குத் தயக்கமில்லை.

1543இல் உடற்கூற்றாளர் வெசாலியஸ், காலன் விவரித்த உடலமைப்பில் பல கூறுகள் குரங்குக்கே உரியவை என்று காட்டினார். இந்தத் தசை அந்தச் சோதனையைத் தாண்டி நின்றது.

19ஆம் நூற்றாண்டில் கேள்வி வேறானது. பிரெஞ்சு மருத்துவர் துஷேன் முகத்தசைகளை மின்சாரத்தால் தூண்டிப் பார்த்து, இதை அச்சத்தின் தசை என்றார். டார்வின் அதை அப்படியே ஏற்கவில்லை. மருத்துவர்களிடம் விசாரித்து, உடல் நடுங்கும்போதும் இது சுருங்குவதைக் கண்டு, 1872இல் உணர்ச்சி வெளிப்பாடு பற்றிய நூலில் விரிவாக ஆராய்ந்தார். அதே 1872இல், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீனின் முயற்சியில் கிரேயின் உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று தமிழில் வந்தது. தமிழ் மாணவர் தம் மொழியிலேயே தசைகளை விரிவாகப் படிக்க உதவிய அந்த ஆண்டைப் பெருமையோடு நினைக்கிறேன்.

இன்றைய அறுவை மருத்துவத்தில் பிளாட்டிஸ்மா ஓர் எல்லைக்கோடு. கத்திக்குத்து அதைத் துளைத்ததா என்பது கழுத்துக் காயத்தில் முக்கியமாகப் பார்க்கப்படுவது. துளைத்திருந்தால் உள்ளே இரத்தக் குழாயோ மூச்சுக்குழலோ பாதிக்கப்பட்டிருக்கலாம். தைராய்டு அறுவையில் தோலையும் இந்தத் தசையையும் பிரிக்காமல் ஒரே மடலாகத் தூக்குவது வழக்கம். மடலின் இரத்த ஓட்டம் காக்கப்படுகிறது. முடிவில் தசையை முதலில் சேர்த்துத் தைப்பதால் தழும்பும் சீராக ஆறுகிறது. காலன் பிழையென்று சுட்டிய செயல், தோலோடு சேர்த்து உரிப்பது, இங்கே வேண்டுமென்றே செய்யப்படுகிறது.