ராஜா சிலையும் 42,088 தோட்டாக்களும்

"காதுல ஈயத்தைக் காய்ச்சி ஊத்துன மாதிரி இருக்கு" என்று நம்மூரில் சொல்வோம். பக்கத்து சீட்டு ஆசாமி ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாடும்போது நானும் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். அது ஏன் ஈயம்? இரும்பு, செம்பு எல்லாம் ஏன் இல்லை? காரணம் ரொம்ப சிம்பிள். இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஈயத்துக்கு 327 டிகிரி போதும். விறகடுப்பும் ஒரு இரும்புச் சட்டியும் இருந்தால் வேலை முடிந்தது.

(ஒரு சின்ன விளக்கம். பாட்டி ரசம் வைத்த ஈயச் சொம்பு வெள்ளீயம். அது 232 டிகிரியிலேயே உருகும், அதனால்தான் சொம்பை வெறுமனே அடுப்பில் வைத்தால் திட்டு விழும். நான் இங்கே சொல்வது காரீயம். இதில் ரசம் வைத்தால் உடம்புக்கு ஆகாது. இனிமேல் ஈயம் என்றால் காரீயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.)

அமெரிக்காவில் எங்கள் க்ளையன்ட் ஆபீஸில் ஒருவர் இருந்தார். வாரக் கடைசியில் நாமெல்லாம் துணி துவைப்போம், அவர் கராஜில் ஈயம் காய்ச்சுவார். சுட்டு முடித்த பித்தளைத் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கி வந்து, புது மருந்தும் புது குண்டும் வைத்து மறுபடி பயன்படுத்துவதற்கு அங்கே ரீலோடிங் என்று பெயர். குண்டையும் சொந்தமாக வார்த்துக்கொள்வது அதில் ஒரு தனிப் பைத்தியம். "இது எங்க நாட்டோட வயசுள்ள பொழுதுபோக்கு, லிட்ச்ஃபீல்ட் கதை தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். ஆணி கொஞ்சம் குறைவான நாட்களில் தேடித் தேடிப் படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

கதை 1766-ல் தொடங்குகிறது. பிரிட்டிஷ் பாராளுமன்றம் அமெரிக்கக் காலனிகள் மீது போட்ட ஸ்டாம்ப் வரியை, மக்கள் போட்ட சத்தத்தில் வாபஸ் வாங்கியது. நியூயார்க்காரர்களுக்கு ஒரே சந்தோஷம். நன்றிக்கடனாக மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு ஒரு சிலை வைக்க முடிவு செய்தார்கள். லண்டனில் ஜோசப் வில்டன் என்ற சிற்பி செய்தார். ரோமச் சக்கரவர்த்தி மார்க்கஸ் அரேலியஸ் சிலை பாணியில், மன்னர் குதிரை மேல் உட்கார்ந்திருப்பார். வெளியே தங்க முலாம், உள்ளே ஈயம். எடை சுமார் 4,000 பவுண்டு, நம் கணக்கில் 1,800 கிலோ. 1770-ல் மன்ஹாட்டன் தெற்கு முனையில் இருக்கும் பௌலிங் கிரீன் பூங்காவில் நிறுத்தினார்கள். அடுத்த வருடமே அதைச் சுற்றி இரும்பு வேலி போட வேண்டி வந்தது. சந்தோஷம் அவ்வளவு சீக்கிரம் தீர்ந்துவிட்டது :-)

1776 ஜூலை 9. சுதந்திரப் பிரகடனம் நியூயார்க்கில் இருந்த வாஷிங்டனின் படைக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அன்று இரவே ஒரு கூட்டம் பௌலிங் கிரீனுக்குப் போய் சிலையைக் கயிறு கட்டி இழுத்துக் கீழே தள்ளியது. மறுநாள் வாஷிங்டன், உங்க ஆர்வம் சரி, ஆனா இப்படிக் கலவரம் மாதிரி செய்யக்கூடாது என்ற தொனியில் ஒரு உத்தரவு போட்டார். அவர் கவலை அவருக்கு.

இதுவரைக்கும் பள்ளிப் புத்தகத்தில் வரும். ஓவியமெல்லாம் கூட வரைந்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது இதற்கு அப்புறம் நடந்த கதைதான்.

காலனிகளிடம் அப்போது ஈயத்துக்குப் பெரிய பஞ்சம். ஈயமும் வெடிமருந்தும் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வந்துகொண்டிருந்தவை. அந்த இங்கிலாந்தோடேயே சண்டை என்றால் சரக்குக்கு எங்கே போவது? ஃபிலடெல்ஃபியாவில் வீடு வீடாக ஜன்னல் எடைகளையும் கடிகார எடைகளையும் சேகரித்தார்கள். அந்த நிலைமையில் 1,800 கிலோ ஈயம் நடுத்தெருவில் விழுந்து கிடக்கிறது. விடுவார்களா?

துண்டுகளைக் கப்பலில் ஏற்றி கனெக்டிகட் கடற்கரைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மாட்டு வண்டியில் லிட்ச்ஃபீல்ட் என்ற மலையூருக்குக் கொண்டு சேர்த்தார்கள். அங்கே ஆலிவர் வுல்காட் என்பவரின் வீடு. கனெக்டிகட் சார்பில் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்ட அதே வுல்காட். வீட்டை ஒட்டிய ஆப்பிள் தோட்டத்தில் ஒரு கொட்டகை போட்டார்கள். வுல்காட்டே விறகு வெட்டுகிற கோடரியால் மன்னரைத் துண்டு போட்டார் என்றும், வீட்டுப் பெண் பிள்ளைகள் சிரித்து விளையாடிக்கொண்டே குண்டு வார்த்தார்கள் என்றும் அந்தக் குடும்பத்தில் சொல்லி வந்திருக்கிறார்கள்.

வேலை எப்படி நடந்திருக்கும்? குண்டு அச்சு பார்க்க ஒரு பெரிய குறடு மாதிரி இருக்கும். வாய் இரண்டு பாதி. இரண்டு குழிப்பணியாரச் சட்டிகளை முகத்தோடு முகம் ஒட்டி வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். மேலே சின்ன ஓட்டை. கரண்டியில் உருகிய ஈயத்தை மொண்டு ஓட்டையில் ஊற்றினால் சில நொடிகளில் இறுகிவிடும். குறட்டைத் திறந்து தட்டினால் குண்டு விழும். ஓட்டையில் நின்ற வாலை வெட்டிவிட வேண்டும். அச்சு சூடேறாத வரைக்கும் முதல் சில குண்டுகள் சுருக்கம் சுருக்கமாகத்தான் வரும், முதல் தோசை மாதிரி. அதையெல்லாம் திரும்பவும் சட்டியிலேயே போட்டு உருக்கிக்கொள்ளலாம். ஈயத்தில் இது ஒரு வசதி, எதுவும் வீணாகாது.

குண்டோடு வேலை முடியவில்லை. காகிதத்தைக் குச்சியில் சுற்றிக் குழலாக்கி, ஒரு முனையில் குண்டும் மறுபுறம் அளந்த மருந்தும் வைத்து, முறுக்கி மூட வேண்டும். இதுதான் அன்றைய தோட்டா. சிப்பாய் பல்லால் கடித்துக் கிழித்துத் துப்பாக்கியில் போடுவார். 1857-ல் நம்மூர் சிப்பாய்கள் கடிக்க மாட்டோம் என்று சொன்னார்களே, அதே காகிதத் தோட்டா குடும்பம்தான்.

வுல்காட் இதற்கெல்லாம் ஒரு கணக்கு எழுதி வைத்தார். நம்ம பாஷையில் டைம்ஷீட்! யார் எத்தனை தோட்டா செய்தார்கள் என்று பெயரோடு.

ரூத் மார்வின் - 11,592
மேரி ஆன் வுல்காட் - 10,790
லாரா வுல்காட் - 8,378
திருமதி மார்வின் - 6,058
பல பேர் சேர்ந்து - 2,182
திருமதி பீச் - 1,802
ஃப்ரெடரிக் வுல்காட் - 936

இது போக லிட்ச்ஃபீல்ட் ஊர்ப்படைக்குக் கொடுத்தது 50, ஒரு ரெஜிமென்ட்டுக்குக் கொடுத்தது 300. மொத்தம் 42,088. தொழில் புத்தி விடுமா, எக்ஸெல்லில் போட்டுக் கூட்டிப் பார்த்தேன். டேலி ஆகிறது. டஜன் டஜனாகப் பொட்டலம் கட்டியிருக்கிறார்கள். ரூத் கணக்கில் 449 பொட்டலம் என்றால் 5,388 தோட்டா, அதுவும் சரியாக வருகிறது. வுல்காட் மட்டும் இன்றைக்கு இருந்தால் நல்ல டெஸ்ட் லீடாக வந்திருப்பார்.

இன்னொரு கணக்கும் போட்டேன். அன்றைய பிரிட்டிஷ் பாணி மஸ்கட் குண்டின் விட்டம் சுமார் 17.5 மில்லிமீட்டர். ஈயத்தின் அடர்த்தியை வைத்துப் பார்த்தால் ஒரு குண்டு 32 கிராம். 42,088 குண்டுக்கு சுமார் 1,350 கிலோ. சிலையோ 1,800 கிலோ. கால் பங்கு எங்கே? கொஞ்சம் கசடாகப் போயிருக்கும். மீதிக்குப் பதில் மண்ணிலிருந்தே கிடைத்திருக்கிறது. கனெக்டிகட்டில் வில்டன் என்ற ஊரின் சதுப்பு நிலத்தில் 1871-ல் குதிரையின் வால் உட்படச் சில துண்டுகள் கிடைத்தன. ராஜ விசுவாசிகள் வழியில் திருடிப் புதைத்தவை என்கிறார்கள். (சிற்பி பெயரும் வில்டன், ஊர் பெயரும் வில்டன், வெறும் தற்செயல்.) தலையை பிரிட்டிஷ் தரப்பு ஆட்கள் மீட்டு லண்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். இதையெல்லாம் அப்போதே கேலி செய்தவர்களும் உண்டு. நியூயார்க் தபால் அதிகாரி எபனேசர் ஹசார்ட், இனி மன்னரின் படை மீது அவருடைய மாட்சிமையையே உருக்கிச் சுடப்போகிறார்கள் என்று ஒரு கடிதத்தில் எழுதினார்.

சரி, அந்தப் பட்டியலுக்கு வருவோம். லாரா 1761-ல் பிறந்தவள். மேரி ஆன் 1765. ஃப்ரெடரிக் 1767. அதாவது ஒருத்திக்கு பதினாலு பதினஞ்சு வயசு, அடுத்தவளுக்குப் பதினொன்று, பையனுக்கு எட்டு ஒன்பது. ரூத், மேரி ஆன், லாரா என்ற மூன்று பேர் மட்டும் செய்தது 30,760. மொத்தத்தில் 73 சதவீதம். பதினொரு வயசுப் பெண் பத்தாயிரத்துக்கு மேல் தோட்டா சுற்றியிருக்கிறாள். விளையாட்டாகச் செய்தார்கள் என்ற குடும்பக் கதையை நான் மறுக்கவில்லை. ஆனால் பத்தாயிரம் என்பது விளையாட்டுக் கணக்கு இல்லைங்க.

பக்கத்தில் காய்வது ஈயம் வேறு. ஈயம் உடம்புக்குக் கெடுதல் என்பது அந்தக் காலத்துக்குத் தெரியாத விஷயமும் இல்லை. பிரகடனத்தில் கையெழுத்துப் போட்ட இன்னொருவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளின், 1786-ல் ஒரு நண்பருக்கு இதைப் பற்றியே நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். இளவயதில் லண்டன் அச்சகத்தில் ஈய எழுத்துகளை நெருப்பில் காய்ச்சிக் கையாண்டபோது கைவலி வந்ததையும், அங்கிருந்த பெரியவர் எச்சரித்ததையும் அதில் சொல்கிறார். குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது பாதுகாப்பான அளவு இல்லை என்பது இன்றைய மருத்துவத்தின் முடிவு. கராஜ் நண்பர் கதவைத் திறந்து வைத்து, கையுறை மாட்டி, பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாமல்தான் காய்ச்சுகிறார். முடித்ததும் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் சாப்பாடு.

பிறகு வேலை மெல்ல வீட்டை விட்டு வெளியேறியது. பிரிஸ்டல் நகரத்தில் வில்லியம் வாட்ஸ் என்ற பிளம்பர், உருகிய ஈயத்தை உயரத்திலிருந்து சல்லடை வழியாகத் தண்ணீரில் விழவிட்டால் அதுவே உருண்டையாகிவிடும் என்று கண்டுபிடித்து 1782-ல் பேட்டன்ட் வாங்கினார். பறவை வேட்டைக்கான சின்னச் சின்ன ரவைகள் அப்புறம் கோபுரங்களிலிருந்து கொட்டின. ராணுவத் தோட்டாக்கள் ஆயுதச் சாலைகளுக்குப் போயின.

இடம் மாறியது, கைகள் மாறவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வாஷிங்டன் ஆயுதச் சாலையில் தோட்டா செய்தவர்கள் இளம்பெண்கள், நிறையப் பேர் ஐரிஷ் ஏழைக் குடும்பங்கள். 1864 ஜூன் 17 அன்று வெளியே வெயிலில் காயவைத்திருந்த வாணவேடிக்கை மருந்து தீப்பிடித்து, பொறி உள்ளே பறந்து, 21 பெண்கள் இறந்தார்கள். இறுதி ஊர்வலத்தில் லிங்கன் கலந்துகொண்டார். படிக்கும்போது சிவகாசி நினைவு வராத தமிழன் யாரும் இருக்க முடியாது.

பிரகடனத்தில் கையெழுத்துப் போட்ட 56 பேரும் ஆண்கள். அந்தப் பட்டியலை அமெரிக்கப் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். அதில் கையெழுத்துப் போட்ட ஒருவரே எழுதிய இன்னொரு பட்டியல் இது. இதில் பெண்கள் இருக்கிறார்கள், குழந்தைகள் இருக்கிறார்கள், புருஷன் பெயரால் மட்டும் அறியப்பட்ட திருமதி மார்வினும் திருமதி பீச்சும் இருக்கிறார்கள். முதல் பட்டியல் சொன்னதைக் களத்தில் சாதிக்க இரண்டாவது பட்டியலின் சரக்கு வேண்டியிருந்தது. போரைப் பற்றி எழுதுகிறவர்கள் சுட்டவர்களை எண்ணுகிறார்கள், செத்தவர்களை எண்ணுகிறார்கள். செய்து கொடுத்தவர்களை எண்ணியவர்கள் குறைவு. வுல்காட் எண்ணினார். அதனால்தான் இன்றைக்கும் நமக்கு ரூத் என்று ஒரு பெயர் தெரிகிறது.

நியூயார்க் போகிறவர்கள் வால் ஸ்ட்ரீட் காளையோடு போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பக்கத்திலேயே பௌலிங் கிரீன். 1771-ல் போட்ட அந்த இரும்பு வேலி இன்னும் அங்கேயே நிற்கிறது. தூண்களின் உச்சியைத் தடவிப் பாருங்கள், சொரசொரப்பாக இருக்கும். அங்கே இருந்த அலங்காரங்களை அந்தக் கலவரக் காலத்தில் அறுத்து எடுத்த தடம். சிலை இருந்த இடத்தில் இப்போது நீரூற்று ஓடுகிறது. ராஜா வடகிழக்கே நூறு மைலுக்குள், ஏதோ ஒரு ஆப்பிள் தோட்டத்தில், தோட்டாவாகிப் போனார்.