பழி போட ஓர் ஆள்



மேட்டூர் அணை 1934-இல் வந்தது. ஜூன் 12 அணை திறந்தால்தான் நமக்குக் குறுவை. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் திறக்கவில்லை. "கர்நாடகம் தண்ணீர் தரவில்லை" என்றோம். அதில் நியாயமும் இருந்தது.

ஆனால் 2016-ஐ நினைத்துப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட ஏறத்தாழ 60 சதவீதம் குறைந்தது. சம்பா கருகியது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. ஐப்பசி மழையை யாரும் மதகு போட்டுத் தடுக்க முடியாது. அப்போதும் டீக்கடையில் நான் உட்பட எல்லோரும் திட்டியது கர்நாடகத்தைத்தான்.

ஏன்? எதிராளிக்கு முகம் இருந்தால் கோபப்படலாம், வழக்குப் போடலாம். வானத்தின் மேல் யார் வழக்குப் போடுவது? அதனால் மனசு அந்தப் பக்கம் திரும்பவே பயப்படுகிறது.

ஒரு வருஷம் மழை பொய்த்ததை வைத்துப் பருவநிலை மாறிவிட்டது என்று சொல்லக் கூடாதுதான். ஆனால் பூமி சூடாகச் சூடாக மழை தாறுமாறாகும் என்று விஞ்ஞானிகள் சொல்வதைக் காதில் வாங்கவாவது வேண்டும்.

காவிரிக்காக வாதாடுவோம். கூடவே ஊர்க் குளத்தைத் தூர்வாருவோம், மழைக் கணக்கை எழுதி வைப்போம். உங்கள் ஊரில் அப்படி எழுதி வைப்பவர் உண்டா? சொல்லுங்கள்.