பிராக்டிகல் பிஸ்டல் ஷூட்டிங்: தொடங்கியது யார், பாலக்காடு - இடுக்கி எல்லையில் உங்களுக்கு என்ன வழி?

மூணாறு ஹை ரேஞ்ச் கிளப்பின் சுவர்களில் இன்றும் வேட்டைக் காலத்து விலங்குத் தலைகள் மாட்டியிருக்கின்றன. இந்த மலைகளில் துப்பாக்கி என்றாலே வெகுகாலம் தோட்டத் துரைமார்களின் வேட்டைதான். 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கதையை முடித்தது. அவர்கள் வேட்டையாடிய இரவிகுளம் 1975-ல் சரணாலயமாகவும் 1978-ல் தேசியப் பூங்காவாகவும் ஆனது.

இப்போது துப்பாக்கி சுடுதல் என்றால் இலக்கைச் சுடும் விளையாட்டு. 2015 தேசிய விளையாட்டில் கேரளாவுக்காக ரைஃபிளில் தங்கம் வென்ற எலிசபெத் சூசன் கோஷி இடுக்கிக்காரர்தான்.

ஆனால் உங்கள் மொபைலில் வரும் ரீல்ஸில் வேறொன்று ஓடுகிறது. பஸர் அடித்ததும் இடுப்பு உறையிலிருந்து பிஸ்டலை உருவி, ஓடிக்கொண்டே பத்துப் பதினைந்து இலக்குகளைச் சுடுகிறார்கள். இதற்குப் பெயர் பிராக்டிகல் ஷூட்டிங். 'இதை நம்ம ஊர்ல ஆட முடியுமா?' என்று யோசிப்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

எங்கே தொடங்கியது?

1950-களில், அமெரிக்காவின் கலிபோர்னியாவில். முன்னாள் மரைன் அதிகாரி ஜெஃப் கூப்பர், பிக் பேர் என்ற மலை ஊரில் 'லெதர்ஸ்லாப்' என்ற போட்டியை நடத்தினார். அப்போது பலரும் ஒரே கையில், இடுப்பு உயரத்திலிருந்தே சுட்டார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் ஷெரிஃப் துறையைச் சேர்ந்த ஜாக் வீவர் மட்டும் பிஸ்டலை இரண்டு கையாலும் பிடித்து, கண் உயரத்துக்குக் கொண்டுவந்து சுட்டு ஜெயித்தார். ஒரு நொடி தாமதமானாலும் பரவாயில்லை, குறி தப்பக் கூடாது என்பது அவர் கணக்கு. அதை 'வீவர் ஸ்டான்ஸ்' என்று கூப்பர் எழுதி எழுதியே உலகத்துக்குக் கொண்டுபோனார்.

கூப்பர், வீவர், ரே சாப்மன், எல்டன் கார்ல், தெல் ரீட், ஜான் பிளான் ஆகிய ஆறு பேரைத்தான் இந்த விளையாட்டின் மூத்த தலைமுறை என்கிறார்கள். முதல் உலகப் போட்டி 1975-ல் சூரிச்சில் நடந்தது. ஜெயித்தவர் சாப்மன். அடுத்த ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள கொலம்பியா நகரில் பல நாட்டுக்காரர்கள் கூடி ஐ.பி.எஸ்.சி. என்ற சர்வதேசக் கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். முதல் தலைவர் கூப்பர். குறி, சக்தி, வேகம் மூன்றும் சமம் என்பதுதான் அதன் தாரக மந்திரம்.

சீனியர்கள் சொன்னதே கடைசி வார்த்தை என்று இந்த விளையாட்டு நின்றுவிடவில்லை. 1980-களில் ராப் லேதம், பிரையன் ஈனோஸ் என்ற இளைஞர்கள் இரண்டு கைகளையும் நேராக நீட்டிச் சுட ஆரம்பித்தார்கள். 1983 உலகப் போட்டியில் லேதம் ஜெயித்தார். வீவர் முறை போட்டிகளில் மெல்ல ஓரங்கட்டப்பட்டது.

மதிப்பெண் எப்படி?

எடுத்த புள்ளிகளை ஆன நொடிகளால் வகுக்க வேண்டும். இதற்கு 'ஹிட் ஃபேக்டர்' என்று பெயர். நடுப்பகுதியில் பட்டால் 5 புள்ளி. சக்தி குறைந்த 'மைனர்' பிரிவில் அடுத்த வளையத்துக்கு 3, ஓரத்துக்கு 1.

12 குண்டுகள் சுடும் சுற்று ஒன்றை எடுத்துக்கொள்வோம்:

- நிதானமானவர்: 12-ம் நடுவில். 60 புள்ளி, 10 நொடி. ஹிட் ஃபேக்டர் 6.00
- வேகமானவர்: 9 நடுவில், 3 அடுத்த வளையத்தில். 54 புள்ளி, 8 நொடி. ஹிட் ஃபேக்டர் 6.75

ஆக, ஒரு குறிகூடத் தப்பாதவர் தோற்கிறார்! அதற்காகக் கண்மூடித்தனமாக வேகம் காட்டவும் முடியாது. இலக்கைத் தவறவிட்டால் 10 புள்ளி போகும். துப்பாக்கி கை நழுவி விழுந்தால் அன்றைய போட்டியிலிருந்தே வெளியே.

வயசானவங்களுக்கு இடம் உண்டா?

நிறையவே. 50 வயது தாண்டினால் சீனியர், 60 தாண்டினால் சூப்பர் சீனியர், 70 தாண்டினால் கிராண்ட் சீனியர் என்று தனிப் பிரிவுகளே இருக்கின்றன. நம் நாட்டிலும் பிஸ்டலுக்கு வயது தடையில்லை என்று காட்டியவர் உண்டு. உத்தரப் பிரதேசத்தின் ஜோஹ்ரி கிராமத்துச் சந்திரோ தோமர் 60 வயதைத் தாண்டிய பிறகுதான் முதன்முதலாகப் பிஸ்டலைக் கையில் எடுத்தார். 2021-ல் இறக்கும்வரை அவர் எல்லோருக்கும் 'ஷூட்டர் தாதி'.

சரி, இங்கே என்ன சிக்கல்?

குண்டின் விட்டம்தான். ஐ.பி.எஸ்.சி. விதிப்படி பிஸ்டல் குண்டு குறைந்தது 9 மி.மீ. இருக்க வேண்டும். இந்தியாவில் ராணுவமும் போலீஸும் பயன்படுத்தும் 9 மி.மீ. ரகம் 'தடை செய்யப்பட்ட போர்' பட்டியலில் வருகிறது. சாதாரணமாக லைசென்ஸில் கிடைக்கும் .32 பிஸ்டலின் குண்டு சுமார் 7.9 மி.மீ.தான். அதாவது சட்டம் எளிதாகத் தரும் பிஸ்டல் போட்டிக்கு ஆகாது. போட்டி கேட்கும் பிஸ்டலைச் சட்டம் எளிதாகத் தராது.

விளையாட்டுதானே என்று அசட்டையாக இருக்கவும் முடியாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, தடை செய்யப்பட்ட ரக ஆயுதத்தை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் 14 ஆண்டு சிறை.

எல்லையில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். ஆயுத லைசென்ஸில் அது எந்தப் பகுதியில் செல்லும் என்று எழுதியிருக்கும். 'கேரளா மட்டும்' என்றிருந்தால், வாளையாறு தாண்டி கோவைக்கோ, குமுளி, போடிமெட்டு வழியாகத் தேனிக்கோ துப்பாக்கியோடு போவது சட்டச் சிக்கல். பாலக்காட்டிலிருந்து கோவை கூப்பிடு தூரம்தான். ஆனால் சட்டத்துக்கு அது வேறு மாநிலம்.

நீங்கள் எங்கிருந்து தொடங்கலாம்?

- 10 மீட்டர் ஏர் பிஸ்டல்: .177 ரகத்துக்கு, 20 ஜூலுக்குக் குறைவான சக்தி இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. மனு பாக்கர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலம் வாங்கியது இந்தப் பிஸ்டலில்தான்.
- 25 மீட்டர் ரேபிட் ஃபயர்: ஐந்து இலக்கு, ஐந்து குண்டு. முதலில் 8 நொடி, பிறகு 6, கடைசியில் 4. ஓட்டம் மட்டும்தான் இல்லை, வேகம் உண்டு. 2012 லண்டனில் விஜய் குமார் வெள்ளி வென்ற பிரிவு இது. .22 பிஸ்டல் என்பதால் லைசென்ஸ் வேண்டும்.

முதல் படி, துப்பாக்கி வாங்குவது அல்ல. உங்கள் மாவட்ட ரைஃபிள் அசோசியேஷனில் உறுப்பினராகி, அங்குள்ள ஏர் பிஸ்டலில் பழகுங்கள். பிடியும் விசையை இழுக்கும் பக்குவமும் கைக்கு வந்துவிட்டால், எந்தப் பிரிவுக்குப் போனாலும் அது உங்களோடு வரும்.