பத்தாவது பாடம்: பல்கலைக்கழக நுழைவு விதிகளும் மலேசிய மேல்நிலைக் கல்வியில் தமிழும்

முன்னுரை

மலேசியத் தமிழ்க் கல்வியின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் தமிழ்த் தொடக்கப்பள்ளிகளையே மையமாகக் கொண்டு எழுதியுள்ளனர். தோட்டப்புறப் பள்ளிகளின் தோற்றம், அவற்றின் நிலம், கட்டடம், ஆசிரியர் பயிற்சி ஆகியன குறித்து ஓரளவு விரிவான பதிவுகள் நமக்குக் கிடைக்கின்றன. ஆனால் படிவம் நான்கு முதல் ஆறாம் படிவம் வரையிலான மேல்நிலைக் கல்வியில் தமிழ் எவ்வாறு இடம்பெற்றது, எவ்வாறு ஓரத்திற்குத் தள்ளப்பட்டது என்பது தனித்து ஆராயத்தக்க பொருளாகும். மேல்நிலையில் ஒரு பாடம் தழைப்பதும் தேய்வதும் அப்பாடத்திட்டத்தின் சிறப்பைக் காட்டிலும், பல்கலைக்கழக நுழைவில் அதற்குத் தரப்படும் மதிப்பையே பெரிதும் சார்ந்துள்ளன என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உயர்கல்வியில் தமிழுக்கு ஓர் இடம்

இராஃபிள்ஸ் கல்லூரியும் ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியும் இணைந்து 1949ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் உருவானது. அங்கு 1956இல் இந்திய இயல் துறை தொடங்கப்பெற்றது. அத்துறைக்கு வடமொழி அடிப்படையாக அமைதல் வேண்டுமா, தமிழ் அமைதல் வேண்டுமா என்ற வினா எழுந்த காலத்தில், 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதி இயக்கத்தை முன்னெடுத்தார். மக்கள் சிறுசிறு தொகைகளாக நிதி வழங்கினர். தமிழே துறையின் மொழியாயிற்று. 1959இல் துறை கோலாலம்பூருக்கு இடம்பெயர்ந்தது. 1961இல் தனிநாயக அடிகள் பொறுப்பேற்றார். 1966இல் முதலாவது உலகத் தமிழ் மாநாடு அந்நகரிலேயே நடைபெற்றது.

இவ்வியக்கத்தை மொழிப்பற்றின் வெளிப்பாடாக மட்டுமே காண்பது வழக்கம். கல்வி வரலாற்று நோக்கில் அதற்கு மற்றொரு பொருளும் உண்டு. இடைநிலைப்பள்ளியில் தமிழைத் தேர்வுப் பாடமாகக் கொள்ளும் மாணவனுக்கு, அதனைத் தொடர்ந்து பட்டம் வரை கற்க ஒரு வழி அப்போதுதான் ஏற்பட்டது. மேல்மாடி இல்லாத வீட்டிற்குப் படிக்கட்டு எதற்கு என்ற கேள்விக்கு அன்று விடை கிடைத்தது எனலாம்.

எனினும் கீழ்ப்படிகள் உறுதியாக அமையவில்லை. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ்த் தமிழ், பயிற்றுமொழி என்ற நிலையில் தொடக்கப்பள்ளியோடு நின்றது. பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தாய்மொழி வகுப்பு நடத்தலாம் என்ற விதியே அதற்கப்பால் தமிழுக்கு இருந்த பிடிமானமாகும். இத்தகைய வகுப்புகள் பல பள்ளிகளில் கால அட்டவணைக்கு வெளியே நடைபெற்றன. கால அட்டவணைக்கு வெளியே வைக்கப்படும் பாடம் மாணவன் மனத்திலும் வெளியே நிற்கத் தொடங்குவது இயல்பே.

பயிற்றுமொழி மாற்றமும் எஸ்.டி.பி.எம். தேர்வும்

1970ஆம் ஆண்டில் ஆங்கிலப் பள்ளிகளின் முதலாம் ஆண்டு வகுப்பிலிருந்து மலாய்மொழி படிப்படியாகப் பயிற்றுமொழியாக்கப்பட்டது. அவ்வாண்டு முதலாம் வகுப்பில் சேர்ந்த மாணவர் இடையில் ஆண்டு இழக்காமல் பயின்றிருந்தால் 1976இல் படிவம் ஒன்றையும், 1980இல் படிவம் ஐந்தையும், 1982இல் மேல் ஆறாம் படிவத்தையும் எட்டியிருப்பார். கேம்பிரிட்ஜ் மரபில் வந்த எச்.எஸ்.சி. தேர்வின் இடத்தில் எஸ்.டி.பி.எம். தேர்வு அறிமுகமானது அந்த 1982இலேயே என்பது தற்செயலன்று. மறு ஆண்டு, 1983இல், பல்கலைக்கழக முதலாண்டும் மலாய்மொழிக்கு மாறியது.

எஸ்.டி.பி.எம். தேர்வில் தமிழும் ஒரு பாடமாக இடம்பெற்றது. இத்தேர்வின் கணக்கு முறை தமிழுக்குச் சாதகமானது என்பதைப் பெற்றோர் பலர் அறியார். பல்கலைக்கழக நுழைவிற்கான புள்ளி சராசரி, கட்டாயமான பொதுப்பாடத்தையும் வேறு மூன்று பாடங்களையும் கொண்டு கணக்கிடப்படுகிறது. அம்மூன்றில் ஒன்றாகத் தமிழ் அமையும்போது அது கூடுதல் சுமையன்று; வரலாறு, பொருளியல் போன்ற பாடங்களுக்கு நிகரான முழு மதிப்புடைய பாடமாகும். நாட்டின் பள்ளி அமைப்பில் தமிழ் பிற பாடங்களோடு சரிநிகராக எடைபோடப்படும் இடம் ஆறாம் படிவமே. 2012இல் இத்தேர்வு மூன்று தவணை முறைக்கு மாற்றப்பட்டபோதும் இத்தன்மை மாறவில்லை.

மெட்ரிகுலேசன்: வெற்றியும் விலையும்

1990களின் இறுதியில் கல்வி அமைச்சின் மெட்ரிகுலேசன் கல்வி ஆறாம் படிவத்திற்கு மாற்று வழியாக உருவெடுத்தது. 2002இல் பல்கலைக்கழக நுழைவில் இனவாரி ஒதுக்கீட்டு முறை நீக்கப்பட்டுத் தகுதி அடிப்படை நடைமுறைக்கு வந்தது. ஓராண்டு மெட்ரிகுலேசன் புள்ளிகளையும் நெடிய எஸ்.டி.பி.எம். புள்ளிகளையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கலாமா என்ற விவாதம் அன்று முதல் தொடர்கிறது. 2003இல் பூமிபுத்ரா அல்லாதார்க்கு மெட்ரிகுலேசன் இடங்களில் 10 விழுக்காடு திறந்துவிடப்பட்டது. இந்திய மாணவர்களுக்கு 2012இல் 1,500 இடங்களும், பின்னர் 2,200 இடங்களும் அறிவிக்கப்பட்டன.

இந்த இடங்களுக்காகச் சமுதாயம் குரல் கொடுத்தது முற்றிலும் நியாயமானது. மருத்துவமும் பொறியியலும் கணக்கியலும் நாடும் ஏழை மாணவனுக்கு அது குறைந்த செலவில், குறைந்த காலத்தில் கிட்டும் வழியாகும். ஆயினும் வரலாற்றாசிரியன் இதன் மறுபக்கத்தையும் பதிவுசெய்தல் வேண்டும். அறிவியல், கணக்கியல் போன்ற பிரிவுகளைக் கொண்ட மெட்ரிகுலேசன் கல்வியில் தமிழ் ஒரு பாடமாக இல்லை. அவ்வழியில் செல்லும் மாணவனின் தமிழ்க் கல்வி படிவம் ஐந்தோடு முடிகிறது. அவர்களுள் பலர் ஆறாம் படிவம் சென்றிருந்தாலும் அறிவியல் பாடங்களையே எடுத்திருப்பர் என்று வாதிடலாம். அதில் உண்மையுண்டு. ஆனால் திறமான மாணவர்க்குரிய இடம் ஆறாம் படிவமன்று என்னும் எண்ணம் வேரூன்றியதும் ஆறாம் படிவத் தமிழ் வகுப்பிற்கு ஏற்பட்ட இழப்பேயாகும்.

பத்தாவது பாடமும் பதினோராவது பாடமும்

எஸ்.பி.எம். நிலையில் தமிழின் இடத்தை எளிய எண்ணிக்கையால் விளக்கலாம். அறிவியல் பிரிவு மாணவர் ஒருவர் மலாய்மொழி, ஆங்கிலம், கணிதம், வரலாறு, நன்னெறிக் கல்வி அல்லது இஸ்லாமியக் கல்வி ஆகிய ஐந்தோடு கூடுதல் கணிதம், பௌதிகம், இரசாயனம், உயிரியல் ஆகிய நான்கையும் எடுக்கிறார். மொத்தம் ஒன்பது. தமிழ்மொழி பத்தாவது பாடம். தமிழ் இலக்கியம் பதினோராவது.

எண்ணிக்கைக்கு வரம்பில்லாத காலத்தில் இது பெரும் சிக்கலாகத் தோன்றவில்லை. 2004ஆம் ஆண்டுத் தேர்வில் ஒருவர் 17 பாடங்களிலும், 2008ஆம் ஆண்டுத் தேர்வில் மற்றொருவர் 20 பாடங்களிலும் ஏ பெற்றமை நாடெங்கும் பேசப்பட்டது. உபகாரச் சம்பளப் போட்டி பாடங்களைக் குவிக்கும் போட்டியாக மாறியது. இதனைத் தடுக்க, 2010 முதல் பத்துப் பாடங்களுக்கு மேல் எழுதலாகாது என்று 2009இல் அறிவிக்கப்பட்டது. அவ்விதி தமிழை நோக்கி இயற்றப்பட்டதன்று. எனினும் அதன் விளைவு முதலில் தமிழ் இலக்கியத்தின்மீதே விழுந்தது. ஆசிரியர்களும் பொது அமைப்புகளும் எதிர்ப்புத் தெரிவித்ததன் பயனாக 2009 டிசம்பரில் மேலும் இரண்டு பாடங்களுக்கு இசைவு அளிக்கப்பட்டது.

இசைவு வேறு, மதிப்பு வேறு என்பது இங்கு உணரத்தக்கது. பத்துப் பாடங்களே அடிப்படை என்ற எண்ணம் நிலைத்துவிட்ட பின்னர், பதினோராவது பாடத்தை எடுப்பவர் ஆர்வத்தினால் எடுப்பவரேயன்றித் தேவையினால் எடுப்பவராக இரார். தமிழில் ஏ பெறுவது கடினம் என்ற அச்சமும் இதனோடு சேரும்போது, பத்தாவது பாடமும் ஆட்டங்காண்கிறது.

2024ஆம் ஆண்டில் இக்கணக்கு வேறொரு திசையில் திரும்பியது. எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ அல்லது அதற்கு மேல் பெறும் மாணவர் அனைவர்க்கும் இனவேறுபாடின்றி மெட்ரிகுலேசன் இடம் உண்டு என்று பிரதமர் அவ்வாண்டு அறிவித்தார். ஒன்பது பாடங்கள் மட்டும் எடுக்கும் மாணவர் அனைத்திலும் ஏ பெற்றாலும் அந்த எல்லையை எட்ட இயலாது. அவருக்குப் பத்தாவது பாடம் ஒன்று வேண்டும். 2009இல் தமிழ் இலக்கியத்தை வெளியே தள்ளிய அதே 'பத்து' என்னும் எண், 2024இல் தமிழ்மொழிக்கு ஒரு தேவையை உருவாக்கித் தந்துள்ளது. மொழிப்பற்று கூடவோ குறையவோ இல்லை. மாறியது விதி மட்டுமே.

முடிவுரை

மேற்கூறிய வரலாற்றிலிருந்து தமிழுக்கு மூவகை மதிப்பு இருப்பது புலனாகிறது. எஸ்.பி.எம். நிலையில் அது விளிம்பில் நிற்கும் பாடம். ஆறாம் படிவத்தில் முழு மதிப்புடைய பாடம். மெட்ரிகுலேசன் கல்வியில் இல்லாத பாடம். தமிழ்ப் பட்டப்படிப்பிற்கும் ஆய்விற்கும் வருங்கால ஆசிரியர்கள் எங்கிருந்து வருவர் என்ற கேள்வி இம்மூன்று வழிகளில் மாணவர் எதனைத் தெரிவுசெய்கின்றனர் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

ஆகவே, தாய்மொழிப் பற்றை மட்டும் எடுத்துரைத்து மாணவரை அழைக்கும் முறை போதாது. படிவம் மூன்றின் இறுதியிலேயே பெற்றோரையும் மாணவரையும் அமர்த்தி, பாடங்களின் எண்ணிக்கையையும் நுழைவுக் கணக்கையும் தாளில் எழுதிக் காட்டுதல் தமிழாசிரியரின் பணிகளுள் ஒன்றாதல் வேண்டும். கலைப் பிரிவு மாணவர்க்கு ஆறாம் படிவத் தமிழின் முழு மதிப்பை விளக்குதல் வேண்டும். மெட்ரிகுலேசன் செல்வோர்க்குப் படிவம் ஐந்தே தமிழின் இறுதி வகுப்பு என்பதனால், அவ்வகுப்பின் கற்பித்தல் தேர்வோடு நில்லாமல் வாழ்நாள் வாசிப்பிற்கு வித்திடுவதாக அமைதல் வேண்டும்.

1950களில் நம் முன்னோர் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு ஓர் இடத்தைப் பெற்றுத் தந்தனர். அவ்விடத்திற்கு மாணவர் வந்து சேரும் வழிகளைக் காத்தல் நம் தலைமுறையின் கடனாகும். அதற்கு நுழைவு விதிகளை ஆண்டுதோறும் கூர்ந்து படித்தல் முதற்படி.