சஞ்சுவுக்கு ஈடாக ஜடேஜா: ஒரு நட்சத்திரப் பரிமாற்றத்தின் இடர்க் கணக்கு

2025 நவம்பர் 15 அன்று, தக்கவைக்கும் வீரர்களின் பட்டியலை ஐ.பி.எல். அணிகள் ஒப்படைக்க வேண்டிய கடைசி நாளில், சென்னை சூப்பர் கிங்ஸ் ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனைப் பெற்றுக்கொண்டது. பன்னிரண்டு பருவங்கள் மஞ்சள் சட்டை அணிந்த ஒருவர், 2018, 2021, 2023 ஆகிய மூன்று கோப்பைகளிலும் பங்கு கொண்டவர், ரசிகர்கள் ‘தளபதி’ என்று அழைத்தவர் போய்விட்டார். அதன் பின் தமிழ் ஊடகங்களில் நடந்த விவாதம் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி வந்தது: ஜடேஜா பெரியவரா, சஞ்சு பெரியவரா? கேள்வியே பிழையானது என்பது என் வாதம். நட்சத்திர வீரரைக் கைமாற்றும்போது அணி ஏற்கும் இடரில் பெரும்பகுதி, போனவர் செய்துவந்த வேலையை இனி யார் செய்வது, அதற்கு என்ன விலை கொடுப்பது என்பதில்தான் அடங்கியிருக்கிறது. வருபவரின் தரம் அதற்கு அடுத்த இடத்தில்தான் வருகிறது.

முதலில் பணம். ஜடேஜாவின் சம்பளம் 18 கோடி, கரனுடையது 2.4 கோடி, சஞ்சுவுடையது 18 கோடி. சென்னையின் கணக்கிலிருந்து 20.4 கோடி வெளியேறி 18 கோடி உள்ளே வந்ததால் 2.4 கோடி மிச்சம். ராஜஸ்தான் பக்கம் போகும்போது ஜடேஜாவின் சம்பளம் 14 கோடியாகக் குறைந்தது. ஆகவே அந்த அணி 18 கோடியை விடுவித்து 16.4 கோடியை ஏற்றது, அதற்கும் 1.6 கோடி மிச்சம். இரு தரப்பும் ஒரே பேரத்தில் பணம் மிச்சம் பிடித்தது எப்படி? 2.4 கோடியும் 1.6 கோடியும் சேர்ந்தால் 4 கோடி. அது அப்படியே ஜடேஜாவின் சம்பளத்திலிருந்து கழிந்த தொகை. பேரத்தை இரு அணிகளுக்கும் இலாபமாக்கியவர் அதில் கைமாறிய வீரர்தான். இந்தச் சிறு கணக்கை விவாதித்தவர்களில் பெரும்பாலோர் பார்க்காமலே கடந்துவிட்டனர்.

சென்னை ஏன் இதைச் செய்தது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. 2025 பருவத்தில் அணி 14 ஆட்டங்களில் நான்கை மட்டுமே வென்று பத்தாவது இடத்தில் முடிந்தது. சேப்பாக்கத்தில் மும்பையை வென்று தொடங்கி, அதன் பின் அங்கேயே தொடர்ந்து ஐந்து ஆட்டங்களைத் தோற்றது. ஏப்ரல் 11 அன்று கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவரில் 9 விக்கெட்டுக்கு 103 ரன்தான் எடுக்க முடிந்தது. 1981இல் பிறந்த தோனிக்குப் பின் விக்கெட் காக்கப்போவது யார் என்ற கேள்வி ஆண்டுக்கணக்கில் நின்றுகொண்டிருந்தது. சஞ்சு விக்கெட் கீப்பர், மேல்வரிசை மட்டையாளர், மூன்று ஐ.பி.எல். சதங்கள் அடித்தவர், ராஜஸ்தானை 2022 இறுதி ஆட்டம் வரை கொண்டுசென்ற தலைவர், தென்னாட்டவர். அப்போது வயது 31, ஜடேஜாவுக்கு அடுத்த மாதமே 37. தேவை உண்மையானது, அதை நிரப்பத் தேர்ந்த ஆளும் சரியானவர். இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

இடர் வேறு இடத்தில் தொடங்குகிறது. ஜடேஜா ஒரு ஆள்; ஆனால் அவர் நிரப்பிய வேலைகள் மூன்று. இடக்கைச் சுழலில் நான்கு ஓவர், கடைசிக் கட்டத்தில் இடக்கை மட்டை, முப்பது கஜ வட்டத்தில் களத்தடுப்பு. 2023 இறுதி ஆட்டத்தை நினைவுகூர்வோம். மழையால் அகமதாபாத்தில் நள்ளிரவைத் தாண்டி மே 30க்கு நீண்ட ஆட்டம்; 15 ஓவரில் 171 இலக்கு; கடைசி ஓவரில் 13 தேவை. மோகித் சர்மாவின் முதல் நான்கு பந்துகளும் யார்க்கர் நீளத்தை ஒட்டியே விழுந்தன. வந்தவை மூன்றே ரன். மீதமிருந்தது இரண்டு பந்து, பத்து ரன். ஐந்தாவது பந்து சற்றே மட்டைக்கு வாகாக விழ, நேர் எல்லைக்கு மேல் ஆறு. ஆறாவது கால் பக்கம் வழுவ, ஃபைன் லெக்கில் நான்கு. ஆறு பந்துகளில் 15 ரன்னோடு நின்றவரைத் தோனி தூக்கிக்கொண்டார். பார்த்தவர்களுக்கு அது உணர்ச்சி. அணியைக் கட்டுபவருக்கு அது ஒரு பணியிடம். அந்தப் பணியிடத்தைப் பரிமாற்றப் பேரம் காலியாக்கியது.

காலியிடத்தின் விலை ஒரு மாதத்துக்குள் தெரிந்தது. டிசம்பர் 16 அன்று அபுதாபி ஏலத்தில், இந்தியாவுக்கு இன்னும் ஆடியிராத இடக்கைச் சுழல் ஆல்ரவுண்டர் பிரசாந்த் வீரைச் சென்னை 14.20 கோடிக்கு எடுத்தது. ராஜஸ்தான் ஜடேஜாவுக்கே கொடுக்க ஒப்புக்கொண்டதை விட இது இருபது இலட்சம் அதிகம். ராகுல் சாஹருக்கு 5.20 கோடி, அகீல் ஹொசைனுக்கு 2 கோடி. மூவரையும் கூட்டினால் 21.40 கோடி, நவம்பரில் கைமாற்றிய இரு வீரர்களின் மொத்தச் சம்பளத்தை இது தாண்டுகிறது. முழுத் தொகையையும் ஜடேஜாவின் பெயரில் எழுதுவது நியாயமல்ல. அஸ்வின் ஆகஸ்டிலேயே ஐ.பி.எல்.லிலிருந்து ஓய்வு பெற்றதும் சேர்ந்துதான் சுழல் வரிசையில் இடம் காலியானது. ஆனாலும் பிரசாந்த் வீருக்கான தொகையை மட்டும் எடுத்துக்கொண்டாலும், சஞ்சுவின் உண்மையான விலை 18 கோடி அல்ல, 32.20 கோடி. முன்பு 20.4 கோடியில் நடந்த காரியத்துக்கும் இதற்கும் இடையே 11.80 கோடி. 125 கோடி உச்சவரம்பில் இது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஏலத்துக்குச் சென்னை 43.40 கோடியோடு போனது. சிறிய ஏலத்தில் நல்ல வீரர்கள் குறைவு. கையில் பணம் உள்ள அணிகள் மோதும்போது விலை ஏறத்தான் செய்யும். ஆகவே 14.20 கோடி என்பது பிரசாந்த் வீரின் மதிப்பன்று, அந்த நாளின் சந்தை நிலவரம் என்பர். ஏற்கிறேன். ஆனால் அந்தச் சந்தை அப்படித்தான் இருக்கும் என்பது நவம்பரிலேயே எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. தெரிந்த விலையேற்றத்தைப் பேரத்தின் கணக்கில் எழுதாமல் விடுவது கணக்குப் பிழை.

கூடைப்பந்தின் அனுபவம் இங்கே உதவுகிறது. வீரர்களைக் கைமாற்றுவது ஒரு தனிக்கலையாக வளர்ந்தது அமெரிக்காவின் என்.பி.ஏ.வில். 2025 பிப்ரவரியில் டல்லஸ் அணி, முந்தைய ஆண்டு தன்னை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுசென்ற 25 வயது லூகா டான்சிச்சை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்து, 31 வயது ஆண்டனி டேவிஸையும் மேக்ஸ் கிறிஸ்டியையும் 2029இன் ஒரு முதல் சுற்று டிராஃப்ட் உரிமையையும் பெற்றது. டேவிஸ் டல்லஸுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே காயம்பட்டார். பேரத்தை முடித்த பொது மேலாளர் நிகோ ஹாரிசன் நவம்பர் 11 அன்று பதவி நீக்கப்பட்டார். சென்னையின் பேரம் முடிந்ததும் அதே வாரத்தில்தான்.

டல்லஸ் கதையில் இன்னொரு திருப்பமும் உண்டு. 1.8 சதவீத வாய்ப்பே இருந்த நிலையில் 2025 டிராஃப்ட் குலுக்கலில் அந்த அணிக்கு முதல் இடம் விழுந்து, கூப்பர் ஃபிளாக் கிடைத்தார். அவர் நாளை பெரிய வீரராகி டல்லஸ் கோப்பை வென்றால், டான்சிச்சை விற்றது நல்ல முடிவு ஆகிவிடுமா? ஆகாது. குலுக்கலில் விழுந்ததை முடிவெடுத்தவரின் வரவில் எழுதக் கூடாது. இதே நேர்மை சென்னை விஷயத்திலும் வேண்டும். சஞ்சு சதம் அடிக்கும் இரவில் பேரத்தைப் புகழ்வதும், ஜடேஜா சேப்பாக்கத்தில் மூன்று விக்கெட் எடுக்கும் இரவில் பழிப்பதும் ஆய்வாகாது.

எதிர்த்திசையில் ஓர் எடுத்துக்காட்டும் என்.பி.ஏ.வில் உண்டு. 2019இல் ஓக்லஹோமா சிட்டி அணி பால் ஜார்ஜை கிளிப்பர்ஸுக்குக் கொடுத்து ஷாய் கில்ஜியஸ் அலெக்சாண்டரையும் ஐந்து முதல் சுற்று டிராஃப்ட் உரிமைகளையும் வாங்கியது. அவற்றில் ஒன்றின் மூலம் 2022இல் ஜேலன் வில்லியம்ஸ் வந்தார். 2025இல் அணி சாம்பியன், ஷாய் அந்தப் பருவத்தின் மிகச்சிறந்த வீரர். அங்கே நட்சத்திரத்தை விற்பவர் எதிர்காலத்தை வாங்க முடியும். காலம்தான் இடரைப் பகிர்ந்துகொள்ளும் கருவி.

ஐ.பி.எல்.லில் அந்தக் கருவி கிடையாது. வருங்கால உரிமை என்று எதையும் வாங்கவோ விற்கவோ முடியாது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மெகா ஏலம் வந்து அணிகளைக் கலைத்துப்போடும். 2025இல் தொடங்கிய சுழற்சியில் பேரத்தின்போது எஞ்சியிருந்தவை 2026, 2027 என்ற இரண்டு பருவங்கள். ‘ஆறு வயது இளையவரை வாங்கினோம்’ என்ற வாதம் இதனால் பெருமளவு வலுவிழக்கிறது. ஓய்வு பெறும் வயது வரை சஞ்சு சென்னையின் சொத்தாக இருக்கப்போவதில்லை. சென்னை வாங்கியது அவருடைய இரண்டு பருவங்களையும், அதன் பின் மீண்டும் பெரும் பணம் கொடுத்து வைத்துக்கொள்ளும் முன்னுரிமையையும்தான்.

ஒற்றை ஆளிடம் பணத்தைக் குவிக்கும் இடரைத் தமிழ்நாடு கபடியில் கண்கூடாகப் பார்த்திருக்கிறது. 2022 ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அணி பவன் செராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தது, அன்றைய 4.4 கோடி வரம்பில் பாதிக்கும் மேல். முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அவர் பருவம் முழுவதும் வெளியே இருந்தார். வியப்பு என்னவென்றால், அந்தப் பருவத்தில்தான் தலைவாஸ் வரலாற்றில் முதல்முறையாக அரையிறுதிக்குச் சென்றது. ரெய்டுகளில் அணியைத் தாங்கியவர் அறிமுக வீரர் நரேந்தர். இதை வைத்து நட்சத்திரமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பெயர் தெரியாத ஓர் இளைஞன் அணியில் ஏற்கெனவே இருந்ததால்தான் அந்த இடி தாங்கப்பட்டது என்று சொல்வேன்.

இங்கேதான் உள்ளூரில் ஆளை வளர்ப்பது கணக்குக்குள் வருகிறது. செங்கல்பட்டு மாவட்டத்தில், பழைய மகாபலிபுரம் சாலையில் நாவலூரில் சூப்பர் கிங்ஸின் உயர்திறன் பயிற்சி மையம் இருக்கிறது. 2025 பருவத்துக்கு முந்தைய முகாமும் அங்கேதான் நடந்தது. காலியிடத்தைக் குறைந்த விலைக்கு நிரப்பக்கூடிய ஒரே வழி அப்படிப்பட்ட மைதானத்தில் ஆளை வளர்ப்பது. ஆனால் தமிழ்நாட்டில் வளர்ந்த திறமையைச் சென்னை அணி எவ்வளவு கண்டுகொண்டது? அந்த 2023 இறுதி ஆட்டத்தில் சென்னைக்கு எதிராக 47 பந்தில் 96 அடித்தவர் சென்னைப் பையன் சாய் சுதர்சன். குஜராத் அவரை 2022இல் 20 இலட்சத்துக்கு எடுத்தது. 2025இல் 759 ரன்னோடு ஆரஞ்சுத் தொப்பி அவருக்கு. சென்னை வலைப்பயிற்சியில் பந்து வீசிய வருண் சக்கரவர்த்தி கொல்கத்தாவின் முதன்மைச் சுழல் பந்துவீச்சாளர். இது என்னை உண்மையாகவே வருத்தும் செய்தி. உள்ளூர்ப் பற்று அதற்குப் பாதிக் காரணந்தான். இந்த மாநிலத்தில் தோன்றிய மலிவான மாற்று ஆட்கள் கைவிட்டுப் போனதால்தான் டிசம்பரில் 14.20 கோடியை எண்ணி வைக்க வேண்டிவந்தது.

தலைமை என்ற இடரைச் சென்னை நன்றாகவே கையாண்டது. 2023இல் குஜராத்திலிருந்து ஹர்திக் பாண்டியாவை வாங்கிய மும்பை, ரோகித்தை நீக்கி அவரைத் தலைவராக்கியது. 2024இல் சொந்த மைதானத்திலேயே அவருக்கு எதிராகக் கூச்சல், அணிக்குக் கடைசி இடம். சென்னையோ சஞ்சு வந்த அன்றே ருதுராஜ் கெய்க்வாட்தான் தலைவர் என்று தெளிவுபடுத்திவிட்டது.

வீரரின் சம்மதமும் இடர்க் கணக்கில் ஒரு வரி. டான்சிச்சிடம் யாரும் கேட்கவில்லை, ஐ.பி.எல். விதிப்படி ஒப்புதல் இல்லாமல் எவரையும் கைமாற்ற முடியாது. ராஜஸ்தான் வீரராக இருந்தபோது வேறோர் அணியோடு பேரம் பேசியதற்காக 2010 பருவம் முழுக்கத் தடை செய்யப்பட்ட அதே ஜடேஜா, பதினைந்து ஆண்டு கழித்து, விதிக்கு உட்பட்டு, சம்பளம் குறைத்து, அதே அணிக்குத் திரும்பினார். விருப்பத்தோடு வந்தவர் ஆடுவார் என்பது ராஜஸ்தானுக்குச் சாதகம். ராஜஸ்தானை விட்டு வெளியேற விரும்பியதாகச் செய்திகளில் அடிபட்ட சஞ்சுவுக்கும் அது பொருந்தும். இந்த வகையில் இரு பக்கமும் டல்லஸை விடப் பாதுகாப்பான நிலையில் நிற்கின்றன.

எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் சஞ்சுவை வாங்கியதைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அதோடு கரனையும் சேர்த்துக் கொடுத்ததும், மாற்று ஆள் கையில் இல்லாமலே ஜடேஜாவை விட்டதும் தவிர்த்திருக்கக் கூடிய இடர்கள். பிரசாந்த் வீர் சேப்பாக்கத்தில் நான்கு ஓவரை நம்பி ஒப்படைக்கத் தக்கவராக இரண்டு பருவத்துக்குள் தேறினால் அந்த இடர் பெரும்பகுதி தீரும். 2027க்குப் பின் தக்கவைப்பு விதி எப்படி அமைந்தாலும், சஞ்சுவை மீண்டும் முதல் நிலைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளச் சென்னை தயங்குமானால், 2025 நவம்பரில் ஈடாக வாங்கியது இரண்டே பருவங்கள் என்று கணக்கை முடிக்க வேண்டியிருக்கும்.